பெரிய வீட்டுக் குழு: பின்கட்டு சீலிங்

செவ்வாய், இரவு

கமலா: அண்ணா, பின்கட்டில் ஓட்டுக்குக் கீழே அடித்திருந்த சீலிங் ஷீட்டை எல்லாம் இறக்கிவிட்டார்கள். மேஸ்திரி அறையைப் பெருக்கியும் கொடுத்துவிட்டார். வராந்தா தடுப்பு மட்டும் பாக்கி. தீபா வெள்ளிக்கிழமை குழந்தையோடு வருகிறாள். அந்த அறையிலேயே படுக்கை போட்டுவிடலாமா?

ராஜாமணி: தாராளமாக.

சேகர்: பெருக்கினாரா? விளக்குமாறாலா?

கமலா: ஆமாம். ஒரே புழுதி. பாவம், மூன்று முறை பெருக்கினார்.

இளங்கோ: அத்தை, முதலில் அந்தக் கதவைச் சாத்துங்கள். ஃபேன் போடாதீர்கள். யாரும் உள்ளே போக வேண்டாம். உடைந்த ஷீட்டின் விளிம்பு தெரிகிற மாதிரி ஒரு படம் இருந்தால் அனுப்புங்கள்.

கமலா: [படம்]

தீபா: என்ன ஆச்சு?

இளங்கோ: படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உடைந்த ஓரத்தில் பஞ்சு பிரிந்த மாதிரி வெள்ளையாக மெல்லிய நார் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார் கலந்த ஷீட் பெரும்பாலும் இப்படித்தான் உடையும். கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது, லேபில் பார்த்தால்தான் தெரியும். தெரிகிறவரை ஆஸ்பெஸ்டாஸ் என்றே எண்ணி நடந்துகொள்ள வேண்டும்.

ராஜாமணி: நாற்பது வருடம் அதற்குக் கீழேதான் தூங்கினோம். யாருக்கு என்ன ஆனது?

சேகர்: அந்த ஷீட்டைப் போட்டது யார் என்பதையும் சொல்லுங்கள் அண்ணா.

ராஜாமணி: ஆரம்பித்துவிட்டாயா.

இளங்கோ: அப்பா, ஷீட் முழுதாக இருந்தவரை நார் சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடந்தது. அதனால் காற்றில் கலந்தது மிகக் குறைவு. இன்று சுத்தியலால் அடித்து உடைத்தார்கள், அப்புறம் காய்ந்த தரையைப் பெருக்கினார்கள். இரண்டுமே நாரைக் காற்றில் ஏற்றுகிற வேலை. அந்த இழைகள் தலைமுடியைவிட நூறு மடங்குக்கும் மேல் மெல்லியவை. மணிக்கணக்கில் மிதக்கும், கீழே படிந்தாலும் நடந்தால், பெருக்கினால் மறுபடி எழும். மூச்சில் போய் நுரையீரலில் தங்கிவிட்டால் உடம்பால் அதைக் கரைக்க முடியாது. மீசோதீலியோமா என்கிற புற்றுநோய் வெளியே தெரிய 20 முதல் 40 வருடம்கூட ஆகும். “யாருக்கு என்ன ஆனது” என்ற கேள்விக்கு இன்றைக்கே பதில் கிடைக்காது.

சாரதா: கமலா, உனக்கு இருமல் இருக்கிறதா?

கமலா: இல்லை அண்ணி. தொண்டை மட்டும் கொஞ்சம் கரகரப்பு.

இளங்கோ: அது சாதாரணப் புழுதியாலும் வரும் அத்தை. ஒரு நாள் தூசியை வைத்துப் பயந்துபோக வேண்டாம். எவ்வளவு நார், எத்தனை காலம் என்பதைப் பொறுத்துதான் ஆபத்து ஏறும். ஆனால் இந்த அளவுக்குக் கீழே ஆபத்தே இல்லை என்று யாரும் நிரூபிக்கவில்லை. அதனால்தான் குழந்தை வருவதற்கு முன்னால் காற்றைப் பரிசோதிக்கச் சொல்கிறேன்.

அருண்: அம்மாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த காற்றுத் தூசி மீட்டர் இருக்கிறதே. அதில் பச்சைதான் காட்டுகிறது.

தீபா: அப்பாடா. அப்போ வரலாம்தானே?

இளங்கோ: இல்லை தீபா. அந்த மீட்டர் லேசர் ஒளி சிதறுவதை வைத்து மொத்தத் தூசியைக் கணக்கிடுகிறது. அது சுண்ணாம்பா, புகையா, ஆஸ்பெஸ்டாஸ் நாரா என்று அதற்குத் தெரியாது. நாம் கவலைப்பட வேண்டிய அளவு நார் இருந்தாலும் பச்சை காட்டும்.

அருண்: சரி சரி.

கமலா: அந்த அறையில் அம்மாவின் மெத்தை இருந்தது. தூசியாக இருக்கிறதே என்று முற்றத்தில் போட்டுத் தட்டினேன்.

சேகர்: அக்கா!

சாரதா: அந்த மெத்தையை எனக்குத் தருவதாக அம்மா சொல்லியிருந்தார்.

கமலா: அண்ணி, அது இப்போது பேச்சா?

இளங்கோ: இனி தட்ட வேண்டாம் அத்தை. லேசாகத் தண்ணீர் தெளித்து, கனமான பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே இன்னொரு உறை போட்டுக் கட்டி வைத்துவிடுங்கள். யாருக்கும் கொடுக்க வேண்டாம். இன்று உடுத்தியிருந்த துணியையும் உதறாதீர்கள், நனைத்து உறையில் போட்டுவிடுங்கள். 1965ல் லண்டனில் வந்த ஆய்வில், ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலைப் பக்கமே வேலைக்குப் போகாமல், வேலைக்குப் போனவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களுக்கும் மீசோதீலியோமா வந்தது தெரிந்தது. துணியில் ஒட்டி வீட்டுக்கு வந்த தூசிதான்.

கமலா: சரிப்பா. செய்கிறேன்.

ராஜாமணி: மேஸ்திரியே ஆள் கூட்டி வந்து காற்றை டெஸ்ட் எடுத்துத் தருவார். கேட்டுவிட்டேன்.

இளங்கோ: வேண்டாம் அப்பா. வேலை செய்தவருக்கும் பரிசோதிப்பவருக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது.

ராஜாமணி: இருபது வருடப் பழக்கம் எனக்கு. ஏமாற்றுகிற ஆள் இல்லை.

இளங்கோ: ஏமாற்றுவார் என்று சொல்லவில்லை. ரிப்போர்ட் சரியில்லை என்றால் மறுபடி சுத்தம் செய்ய வேண்டியவர் அவர்தானே.

சேகர்: சரியான பேச்சு.

ராஜாமணி: நீ சும்மா இரு.

புதன், காலை

தீபா: டிக்கெட்டை என்ன செய்வது? யாராவது ஒரு முடிவு சொல்லுங்கள். நாளைக்கே டெஸ்ட் எடுத்துவிட முடியாதா இளங்கோ?

இளங்கோ: இப்போது எடுத்துப் பயனில்லை தீபா. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் படியுங்கள்.

காற்றை எடுப்பதற்கு ஒரு சின்ன பம்ப். அதன் குழாய் முனையில் கறுப்பு உறைக்குள் 25 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வட்ட ஃபில்டர் இருக்கும். மூச்சு விடும் உயரத்தில், வாய் கீழே பார்க்கிற மாதிரி தொங்கவிடுவோம். நிமிடத்துக்கு 8 லிட்டர் வீதம் ஒரு மணி நேரம் ஓடினால் 480 லிட்டர் காற்று. அப்புறம் ஃபில்டரை லேபில் கண்ணாடித் தகட்டில் வைத்து, மெல்லிய இழையையும் தெளிவாகக் காட்டுகிற ஃபேஸ் கான்ட்ராஸ்ட் மைக்ரோஸ்கோப்பில் கட்டம் கட்டமாக எண்ணுவோம். 5 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் நீளம், 3 மைக்ரானுக்குள் அகலம், அகலத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல் நீளம் உள்ளதைத்தான் கணக்கில் எடுப்போம். பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் அகற்றிய அறையைத் திருப்பிக் கொடுக்க ஒரு மில்லிலிட்டர் காற்றில் 0.01 இழைக்குக் கீழே இருக்க வேண்டும். நானும் அதையே பிடித்துக்கொள்ளச் சொல்வேன்.

இப்போது அறை முழுக்கப் புழுதி. பம்ப் ஓட்டினால் ஃபில்டர் சுண்ணாம்புத் தூளால் மூடிக்கொள்ளும், எதையும் எண்ண முடியாது. எண்ண முடிந்தாலும் அந்த மைக்ரோஸ்கோப் ஆஸ்பெஸ்டாஸையும் மற்ற நாரையும் பிரித்துக் காட்டாது. அத்தை தட்டிய மெத்தையிலிருந்து கிளம்பிய மிக மெல்லிய இழைகூட எண்ணிக்கையில் ஏறலாம். சந்தேகம் வந்தால் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்கு அனுப்ப வேண்டும், அதற்கு நாளாகும்.

அதனால் முதலில் ஷீட்டில் ஒரு துண்டை நனைத்து இரட்டை உறையில் போட்டு லேபுக்கு அனுப்புவோம். ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று வந்துவிட்டால் இந்தப் பேச்சே முடிந்தது. இருக்கிறது என்றால் பயிற்சி உள்ளவர்களை வைத்து ஈரத் துணியாலும், மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கிற ஹெபா ஃபில்டர் உள்ள வாக்குவத்தாலும் சுத்தம் செய்ய வேண்டும். வீட்டு வாக்குவம் வேண்டவே வேண்டாம், நாரைப் பின்பக்கமாக வெளியே துப்பிவிடும். தரை, சட்டம், ஜன்னல் விளிம்பு எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்த்துத் தூசியே இல்லை என்ற பிறகுதான் காற்றை எடுப்போம். அப்போதும் அறையைச் சும்மா விட்டு எடுக்கக் கூடாது. தரையைத் துடைப்பத்தால் கிளறிவிட்டு எடுக்க வேண்டும். குழந்தை ஓடி விளையாடும்போது என்ன கிளம்புமோ அதுதான் நமக்குத் தெரிய வேண்டும்.

அருண்: 👍

சாரதா: நேற்று இரவு ஒரு மணி வரை விழித்து எழுதினானாம். தூங்குப்பா.

சேகர்: வராந்தா தடுப்பு?

இளங்கோ: அதை இன்னும் தொடவில்லை என்பது நல்லது சித்தப்பா. அதை எடுக்கும்போது வராந்தாவை பிளாஸ்டிக் போட்டு அடைத்து, அடைப்புக்கு வெளியே முன்கட்டில் ஒரு பம்ப் ஓட வேண்டும், கசிகிறதா என்று பார்க்க. முன்கட்டில் இன்றே ஒரு சாம்பிள் எடுத்து வைத்தால் பின்னால் ஒப்பிடலாம், அத்தை இப்போது இருக்கிற இடம் எப்படி இருக்கிறது என்றும் தெரிந்துவிடும்.

ராஜாமணி: வேலைக்கு வந்த பையன்கள் எல்லாம் முகத்தில் கைக்குட்டை கட்டித்தான் இருந்தார்கள்.

இளங்கோ: கைக்குட்டை இந்த இழையை நிறுத்தாது அப்பா. முகத்தில் இறுக்கமாகப் பொருந்தி நுண்தூசியை வடிகட்டுகிற எஃப்எஃப்பி3 வகை மாஸ்க்காவது வேண்டும். நாமாவது ஒரு நாளோடு கதவைச் சாத்திவிட்டோம். அந்தப் பையன்கள் நாளைக்கு வேறு வீட்டில் இதையே உடைப்பார்கள். அமெரிக்காவில் வேலையாளின் சட்டைக் காலரில் பம்ப் மாட்டி அளப்பார்கள், எட்டு மணி நேரச் சராசரி ஒரு கன சென்டிமீட்டருக்கு, அதாவது ஒரு மில்லிலிட்டருக்கு, 0.1 இழையைத் தாண்டக் கூடாது. மேஸ்திரியிடம் பேசும்போது அவர்களைப் பற்றியும் பேசுங்கள், தயவுசெய்து.

ராஜாமணி: ம்.

கமலா: அறைக்குள் அப்பாவின் இரும்புப் பெட்டி இருக்கிறது. ஷீட் வாங்கிய ரசீது அதில்தான் இருக்கும் என்று சேகர் சொல்வான்.

சேகர்: இருக்கும். 1984 ரசீது. யார் பணம் என்றும் அதிலேயே இருக்கும்.

ராஜாமணி: எடு, எடுத்துப் படி. எனக்கென்ன பயம்?

இளங்கோ: பெட்டியைத் தொடாதீர்கள், தயவுசெய்து. சுத்தம் முடியட்டும்.

தீபா: நான் டிக்கெட்டை அடுத்த வாரத்துக்கு மாற்றுகிறேன். திங்களா, செவ்வாயா?

இளங்கோ: ரிப்போர்ட் கையில் வந்த பிறகு தேதி போடு தீபா. சீக்கிரம் வர வேண்டும் என்றால் எங்கள் வீட்டில் தங்கிக்கொள்.

சாரதா: ஆமாம், இங்கே வா. இடம் இருக்கிறது.

கமலா: என் பேத்தி என் வீட்டுக்கு வருவதாகத்தான் ஏற்பாடு.

தீபா: அம்மா 🙏

ராஜாமணி: இளங்கோ, அந்த லேப் நம்பரை எனக்குத் தனியாக அனுப்பு. மேஸ்திரியிடம் நான் பேசுகிறேன்.

சேகர்: நீங்கள் பேசினால் பழக்கத்துக்காக விட்டுக்கொடுத்துவிடுவீர்கள். நானும் வருகிறேன்.

ராஜாமணி: பார்க்கலாம்.