பழைய செயின் வண்டியில் தேய்மானம் பார்ப்பது: நம் அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து

கல்லல் பக்கம் ஒரு தோப்பில் பழைய கேட்டர்பில்லர் டி2, அதாவது டயருக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடுகிற டிராக்டர், கிடக்கிறது, வந்து பாருங்கள் என்று தெரிந்தவர் கூப்பிட்டார். சுமார் மூன்று டன் இரும்பு. காயலான் கடைக்குப் போடுவதா, ஓட்டுகிற ஆளுக்குக் கொடுப்பதா என்று அந்த வீட்டில் யோசித்துக்கொண்டிருந்தார்கள். "ரொம்ப ஓடாத வண்டி தம்பி, அப்பா வயல் சமன் பண்ண மட்டுந்தான் எடுப்பாரு" என்றார் பெரியவர். ஓடிய மணி நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டர் எப்போதோ நின்றுவிட்டது. இவ்வளவு வயதான வண்டியில் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தாலும் நான் அதை நம்ப மாட்டேன். இடையில் மாற்றியிருக்கலாம், கழற்றிப் போட்டுவிட்டுப் பல வருஷம் ஓட்டியிருக்கலாம்.

தயாரிப்பு எண் தகட்டில் 5யூ என்று இருந்தது. 1947 முதல் 1957 வரை வந்த வகை. இரண்டு செயினுக்கும் நடுவுக்கு நடு 50 அங்குலம். 4யூ என்றால் 40 அங்குலம். அதைக் குறித்துக்கொண்டு நேராகச் செயினுக்குப் போனேன்.

முதலில் ஸ்ப்ராக்கெட், அதாவது செயினை இழுக்கிற சக்கரத்தின் பல். எல்லாப் பல்லிலும் ஒரு முகம் மட்டும் குழிந்திருந்தது, மறுமுகம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. பிளேடு மாட்டி மண் தள்ளிய வண்டி முன்னே போகும், பின்னே வரும், நாள் முழுக்க அதேதான். அதில் பல் இரண்டு பக்கமும் தேயும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அது பெரும்பாலும் முன்னோக்கியே இழுத்த வண்டி. பின்னால் குனிந்து, கலப்பையைக் கோக்கிற டிராபாரைப் பார்த்தேன், கொக்கி முள் மாட்டுகிற ஓட்டை முட்டை வடிவத்துக்கு நீண்டிருந்தது. பாரக் கலப்பையை வெகுகாலம் இழுத்திருக்கிறது. பெரியவரிடம் சொன்னதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாங்கும்போதே பழசுதான், முந்தி எங்க ஓடுச்சுன்னு தெரியாது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததுதான் அவருக்குத் தெரியும். அதற்கு முந்தைய கதை செயினில் இருக்கிறது.

அடுத்தது செயின் நீட்சி. செயின் கண்ணிகளை, அதாவது லிங்க்குகளைக் கோக்கிற முள்ளான பின்னும், அதன் மேல் இருக்கிற குழலான புஷ்ஷும் உள்ளே தேயத் தேய ஒவ்வொரு லிங்க்கும் மயிரிழை மயிரிழையாக நீளும். ஒரு லிங்க்கை மட்டும் அளந்தால் ஒன்றும் பிடிபடாது. செயினை இறுக்கமாக நிற்க வைத்து, செயினைக் கழற்றுவதற்கான மாஸ்டர் பின் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, நான்கு லிங்க்கைச் சேர்த்து அளக்கணும். இரண்டு பக்கமும் தனித்தனியாக. செயினை இறுக்குகிற டென்ஷன் போல்ட் மரையின் கடைசி வரைக்கும் போயிருந்தால் அளக்காமலே விஷயம் புரிந்துவிடும். இந்த வண்டியில் இடது செயின் வலதைவிட நன்றாக நீண்டிருந்தது. வண்டியின் பாரத்தைத் தாங்கிச் செயின் மேல் உருளுகிற ரோலர்களில் இடது பக்கத்தவற்றின் விளிம்பும் மெலிந்திருந்தது. எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்த சரிவில், கண்மாய்க் கரை மாதிரி இடத்தில், வேலை செய்திருந்தால் பள்ளத்துப் பக்கம் இருக்கிற செயின்தான் பாரத்தை வாங்கும்.

நம் ஊர் மண்ணையும் கணக்கில் எடுக்க வேண்டும். செம்மண்ணில் சரளை கலந்து, மேலே தண்ணீரும் பட்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது மாதிரிதான் செயினை அரிக்கும். கரிசலில் அதே மணி நேரம் ஓடிய வண்டி இவ்வளவு தேயாது. அதனால் "எத்தனை மணி ஓடியது" என்பதைவிட "எந்த மண்ணில், என்ன வேலை" என்பதுதான் சரியான கேள்வி. அந்த வண்டியைக் காயலான் கடைக்குப் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். புஷ் இன்னும் ஓட்டை விழவில்லை. செயின் பின்னை அழுத்திக் கழற்றுகிற டிராக் பிரஸ் உள்ள பட்டறையில் பின்னையும் புஷ்ஷையும் அரைச்சுற்றுத் திருப்பிப் போட்டால் தேயாத முகம் வேலைக்கு வரும்.

தேவகோட்டையிலிருந்து

அண்ணே, செயின் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க சரி. ஓடித் தேய்ந்த வண்டியைவிட நின்றே கெட்ட வண்டிதான் என்னைப் பயமுறுத்தும். எங்கள் பக்கம் பார்த்த, டி2-வைவிடப் பெரிய ஒரு டி4இல் செயின், ரோலர் எல்லாம் அருமை. ஆனால் புகைக்குழாய்க்கு மேல் ஒரு தகர டப்பாகூடக் கவிழ்க்காமல் பல ஐப்பசி மழையை வாங்கியிருந்தது. எஞ்சின் இறுகிவிட்டது. ஒரு பக்கச் செயினுக்குப் போகிற இழுவையை விடுவித்து வண்டியைத் திருப்புகிற ஸ்டீரிங் கிளட்ச் தகடுகளும் துருவில் ஒட்டிப்போய் லிவரை இழுத்தால் வண்டி திரும்ப வழியில்லை.

நான் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றுகிற கியர் பெட்டியான பைனல் டிரைவின் வடிகால் போல்ட்டை மெதுவாகத் தளர்த்திப் பார்ப்பேன். தண்ணீர் இருந்தால் ஆயிலுக்கு முன்னால் அதுதான் வரும். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தாலும் அதே கதைதான். அப்புறம் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்ப்ராக்கெட்டைக் கடப்பாரையால் நெம்பினால் பேரிங் ஆட்டம் தெரிந்துவிடும். டீசல் எஞ்சினைக் கிளப்புகிற சின்ன பெட்ரோல் எஞ்சின் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாத வண்டிக்கு அதைத் தேடுவது பெரும்பாடு.

புதுவயலிலிருந்து

ஒன்று சேர்க்கிறேன். புது மஞ்சள் பெயின்ட் அடித்து, செயின் மேல் மண்ணில் படுகிற தகடான ஷூவும் புதிதாக மாட்டி ஒரு வண்டியைக் காட்டினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஆசையாக இருந்தது. லிங்க்குகளை எண்ணினேன், ஒரு பக்கம் ஒன்று குறைவு. நீண்டுபோன செயினில் ஒரு லிங்க்கை எடுத்துவிட்டு இறுக்கியிருக்கிறார்கள். பிரேக் பெடலில் பெயின்டுக்கு அடியில் வரிகளே இல்லை, மழமழவென்று தேய்ந்திருந்தது. விற்கிறவர் கேட்டதில் பாதிக்கும் குறைவாகச் சொன்னேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பக்கமும் லிங்க் எண்ணாமல் யாரும் முன்பணம் கொடுக்காதீர்கள்.