மூன்று நாட்டுப் பள்ளிகள் சேர்ந்த பருவநிலைத் திட்டம் படுத்துவிட்டது, எழுப்ப வழி உண்டா?

கரும்பலகை (கேள்வி, நவம்பர் கடைசி வாரம்)

ஏழாம், எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வட ஐரோப்பாவில் ஒரு பள்ளி, தென் அமெரிக்காவில் ஒரு பள்ளி, நாங்கள் என்று மூன்று பேர் சேர்ந்து செப்டம்பரில் சுற்றுச்சூழல், பருவநிலை மாற்றம் பற்றி ஒரு கூட்டுத் திட்டம் தொடங்கினோம். ஒருங்கிணைப்பாளர் நான்தான். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. முதல் மின்னஞ்சலை அனுப்பியவள் நான் என்பதால் தலையில் விழுந்தது.

முதல் மாதம் ஒரே கொண்டாட்டம். பிள்ளைகள் வரைந்த போஸ்டர்கள் அங்கும் இங்கும் பறந்தன. அழும் பூமிப்பந்து, உருகும் பனிமேல் நிற்கும் துருவக்கரடி. மூன்று நாட்டிலும் அதே கரடிதான், அதே போஸில். ஒருவருக்கொருவர் "சூப்பர்" போட்டுக்கொண்டார்கள். அதற்கப்புறம் என்ன செய்வது என்று பிள்ளைகளுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

சரி, தினமும் வெப்பநிலை அளப்போம் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். ஆறு வாரம் அளந்தோம். அட்டவணையைத் திறந்து பார்த்தால் தலை சுற்றியது. வடக்கத்திப் பள்ளி காலை எட்டு மணிக்கு அளந்திருக்கிறது, தெற்கத்திப் பள்ளி மதியம், எங்கள் பிள்ளைகள் அறிவியல் பீரியட் எப்போது வருகிறதோ அப்போது. அவர்கள் இருவரும் தசமப் புள்ளிக்குப் பதில் கமா போடுகிறவர்கள். 9,5 என்று எழுதியதை எங்கள் விரிதாள் எண்ணாகவே எடுத்துக்கொள்ளவில்லை. சராசரி போட்டபோது அவர்களுடைய பாதி நாட்கள் காணாமல் போயிருந்தன. 05/10 மே மாதமா அக்டோபரா என்று வேறு ஒரு பஞ்சாயத்து.

எங்கள் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிள்ளைகள் தரையின் சூட்டை அளந்தது கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிக் காய்ச்சல் பார்த்த கருவியால். அது உடம்புச் சூட்டை ஒட்டிய சின்ன எல்லைக்குள்தான் எதையும் காட்டும். மூன்று வாரம் எங்கள் தரை 36, 37 என்று நல்ல ஆரோக்கியமாக இருந்தது. எனக்கே சந்தேகம் வரவில்லை என்பதுதான் வெட்கம்.

வீடியோ சந்திப்பும் அப்படித்தான். அக்டோபர் கடைசி ஞாயிறு ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. 34 பிள்ளைகள் வெற்றுத் திரை முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வந்தபோது எங்களுக்குக் கடைசி மணி அடித்துவிட்டது. அடுத்த முறை சந்திப்பு நடந்தது. ஆனால் பேசியதெல்லாம் எங்கள் வகுப்பில் ஆங்கிலம் சரளமாக வரும் இரண்டு பேர்தான்.

டிசம்பர் நடுவில் தெற்கத்திப் பள்ளிக்குக் கோடை விடுமுறை, மார்ச்சில்தான் திரும்புவார்கள். தலைமையாசிரியர் சான்றிதழும் நிறைவு விழாவும் எப்போது என்கிறார். இத்தனைக்கும் நடுவில் ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், புகை அதிகம் விட்டது அவங்க. சூடு நமக்கு. நாம எதுக்கு மரம் நடணும்?" அந்தக் கேள்வியை அந்தப் பக்கம் அனுப்புவதா, மரியாதை கருதி விட்டுவிடுவதா என்று தெரியவில்லை.

இந்தத் திட்டத்தைத் தூக்கி நிறுத்த முடியுமா? இல்லை, நாகரிகமாக முடித்துக்கொள்வதா?

மழைமானி

முடிக்க வேண்டாம் டீச்சர். உங்களுக்கு வந்த எல்லா வியாதியும் எனக்கும் வந்திருக்கிறது. நான் ஏழு வருடமாக இதே வேலையைச் செய்கிறேன், அதில் முதல் இரண்டு வருடம் துருவக்கரடிக்குத்தான் போனது.

போஸ்டர் அனுப்புவது கூட்டுத் திட்டம் ஆகாது. அது வாழ்த்து அட்டை. அடுத்த பள்ளி இல்லாவிட்டால் பதிலே கிடைக்காது என்கிற மாதிரி ஒரு கேள்வி வேண்டும். ஒன்றே ஒன்று போதும். அப்போதுதான் அங்கிருந்து தகவல் வரவில்லை என்றால் இங்கே பிள்ளைகள் "ஏன் இன்னும் வரலை" என்று உங்களைப் பிடுங்குவார்கள்.

உங்களுக்கு வடக்கும் தெற்கும் கையில் இருக்கின்றன. அது பெரிய அதிர்ஷ்டம். தெற்கத்திப் பள்ளி திரும்பும் மார்ச்சில்தான் பகலும் இரவும் ஏறக்குறைய ஒரே நீளமாக இருக்கும் சம இரவு நாளும் வருகிறது, 20ஆம் தேதி வாக்கில். எல்லாரும் ஒரு மீட்டர் கம்பு ஒன்றைச் சமதரையில் செங்குத்தாக நட்டு, சூரியன் அவரவர் ஊரில் உச்சிக்கு வரும் நேரத்தில் நிழலை அளக்கட்டும். கடிகாரத்தில் 12 அடிப்பது உச்சி அல்ல, நிழல் மிகக் குட்டையாக இருக்கும் நேரமே உச்சி. அதனால் அரை மணி முன்பிருந்தே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறிக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு 60 டிகிரி அட்சரேகையில் நிழல் சுமார் 1.73 மீட்டர் விழும். 10 டிகிரியில் 18 சென்டிமீட்டர்தான். அதே வெயில் ஓரிடத்தில் குவிந்து விழுகிறது, இன்னோரிடத்தில் சாய்ந்து பரவி விழுகிறது. பூமி ஏன் ஒரே மாதிரி சூடாகவில்லை என்பதை அந்தக் கம்பு சொன்ன பிறகு நாம் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. வானம் மூடியிருந்தால் பதற வேண்டாம், இரண்டு நாள் தள்ளினாலும் நிழல் பெரிதாக மாறாது.

வெப்பநிலையையும் விட்டுவிட வேண்டாம், கேள்வியை மட்டும் மாற்றுங்கள். உங்கள் ஊரில் எத்தனை டிகிரி என்று கேட்காதீர்கள். உங்கள் பள்ளி வளாகத்துக்குள்ளேயே தார்த்தரை, புல்தரை, மரநிழல் மூன்றுக்கும் நடுவே எத்தனை டிகிரி வித்தியாசம் என்று கேளுங்கள். கருவி கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ காட்டினாலும் வித்தியாசத்தில் அந்தப் பிழை பெரும்பாலும் கழிந்துவிடும். தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் தொடாமல் அளக்கும் வெப்பமானியை வாங்குங்கள், காய்ச்சல் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பளபளக்கும் தகரத்தின் மேல் மட்டும் அதைக் காட்டாதீர்கள், வானத்தைப் பிரதிபலித்துப் பொய் சொல்லும்.

இன்னொன்றையும் கறாராகச் சொல்லிவிடுங்கள். ஆறு வாரம் அளந்து பருவநிலை மாற்றத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஓர் ஊரின் பருவநிலை என்று உலக வானிலை அமைப்பு சொல்வதே 30 வருடச் சராசரியைத்தான், இப்போது 1991 முதல் 2020 வரை. "இந்த வாரம் போன வாரத்தைவிட 2 டிகிரி ஜாஸ்தி, பூமி சூடாகிவிட்டது" என்று எழுதும் பிள்ளை, குளிரான வாரம் வந்தால் அதே வாயால் இல்லை என்றும் எழுதும். நீண்ட காலக் கதைக்கு ஹவாய் தீவில் மௌனா லோவா மலைமேல் எடுக்கும் அளவீட்டை எடுங்கள். 1958இல் தொடங்கியபோது காற்றில் கரியமில வாயு 315 பிபிஎம் (பத்து லட்சத்தில் 315 பங்கு) வாக்கில் இருந்தது, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அந்தக் கோடு ரம்பப்பல் மாதிரி வருடா வருடம் ஏறி இறங்கும். வடபாதியில் இலை துளிர்த்து வளரும் மாதங்களில் இறங்கும், உதிரும் காலத்தில் ஏறும். தென்துருவத்தில் அளந்த கோட்டைப் பக்கத்தில் வையுங்கள். அதுவும் ஏறும், ஆனால் பற்கள் மிகச் சிறியவை. ஏன் என்று உங்கள் மூன்று பள்ளியும் உலக வரைபடத்தை வைத்துக்கொண்டு அடித்துக்கொள்ளட்டும். நிலமும் காடும் பெரும்பகுதி எந்தப் பாதியில் இருக்கிறது என்று அவர்களே வந்து சேர்வார்கள்.

அளக்கும் முறைக்குச் சொந்தமாக விதி எழுதி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 1995 முதல் நடக்கும் குளோப் என்ற பன்னாட்டுப் பள்ளி அறிவியல் திட்டத்தில் காற்று வெப்பநிலை, மேகம், மழை எல்லாவற்றுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கான செய்முறை இருக்கிறது. தேதியை 2025-03-20 என்றே எழுதச் சொல்லுங்கள், சந்திப்பு நேரத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் சொல்லுங்கள். இந்த இரண்டு விதிக்கும் நான் கொடுத்த விலை உங்கள் 34 பிள்ளைகளைவிட அதிகம்.

நிறைவு விழா பற்றி: தலைமையாசிரியரிடம் மார்ச் மாதத் தேதி ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். தேதி கிடைத்தால் அடங்கிவிடுவார்கள்.

படிவம்4

ஒரு சின்ன விஷயம், ஆனால் கழுத்தைப் பிடிக்கும். பிள்ளைகள் படம். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, இணையச் சேவைகளில் பிள்ளைகளின் தகவலைப் பயன்படுத்தப் பெற்றோர் சம்மதம் தேவைப்படும் வயது 16க்குக் கீழ், நாடுகள் விரும்பினால் 13 வரை குறைத்துக்கொள்ளலாம். உங்கள் வடக்கத்திப் பள்ளி ஆரம்பத்தில் ஆர்வமாக இருந்துவிட்டுப் பிறகு படமே அனுப்பாமல் இருந்தால் கோபம் என்று நினைக்காதீர்கள், படிவம் வரவில்லை என்று அர்த்தம். நாங்கள் இப்போது முகமே எடுப்பதில்லை. கை, கருவி, நிழல், தரை, அவ்வளவுதான். பெயருக்குப் பதில் குழு எண். பார்க்கப் போனால் அந்தப் படங்களில்தான் அறிவியல் தெரிகிறது.

இரண்டாம்மணி

மழைமானி சார் சொன்னதில் எல்லாம் உடன்பாடு, ஒன்றைத் தவிர. அளவீடு மட்டும் போதும் என்ற தொனி எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பெண்ணின் கேள்விதான் திட்டத்தின் இதயம், அதை எந்த வெப்பமானியும் அளக்காது.

அனுப்புங்கள் டீச்சர். மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. 1992இல் ரியோவில் நாடுகள் கையெழுத்திட்ட ஐ.நா. பருவநிலை உடன்படிக்கையே, பொறுப்பு எல்லாருக்கும் பொது, ஆனால் சமமில்லை என்று ஒப்புக்கொண்டுதான் தொடங்குகிறது. பெரியவர்கள் முப்பது வருடத்துக்கும் மேலாக மேஜையில் வைத்துப் பேசுவதை ஒரு பதின்மூன்று வயதுப் பெண் கேட்டால் மட்டும் ஏன் நெளிய வேண்டும்? ஆனால் வீடியோவில் வேண்டாம். அங்கே பதில் சொல்லும் பிள்ளை தன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியதாக நினைக்கும். கடிதமாக எழுதச் சொல்லுங்கள், அவரவர் மொழியில். மொழிபெயர்ப்பை ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வோம். அந்த இரண்டு சரளக்காரர்களைத் தவிர மற்ற 32 பேருக்கும் அப்போதுதான் வாய் திறக்கும்.

கரும்பலகை (மார்ச் கடைசி வாரம்)

நாலு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

கம்பு நட்டோம். வடக்கே 20ஆம் தேதி ஒரே மேகம், 22ஆம் தேதிதான் அளந்தார்கள். தார்த்தரை மேல் பனி கிடந்ததால் அந்த ஒரு கட்டம் காலி. காலியாகவே விட்டிருக்கிறோம், இட்டு நிரப்பவில்லை. தெற்கிலிருந்து நிழல் படம் வந்ததும் என் வகுப்பில் ஒரே கூச்சல்: "டீச்சர், படத்தைத் தலைகீழாப் போட்டுட்டாங்க." நம் நிழல் வடக்கே விழுகிறது, அவர்களுடையது தெற்கே. திசைகாட்டியோடு திரும்பவும் எடுத்து அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள். வந்ததும் தெற்குதான். பத்து நிமிடம் யாரும் பேசவில்லை, பிறகு ஒருவன் எழுந்து போய் உலக உருண்டையை எடுத்து வந்தான். நான் வாயே திறக்கவில்லை.

எங்கள் வளாகத்தில் தார்த்தரைக்கும் மரநிழலுக்கும் 19 டிகிரி வித்தியாசம். இப்போது எந்த மரத்தை யார் வெட்டப் பார்த்தாலும் என் பிள்ளைகள் எண்ணோடு வந்து நிற்கிறார்கள்.

கடிதம் ஜனவரியில் போனது. அந்தப் பெண் மூன்று முறை அடித்து எழுதினாள், நான் ஒரு வரிகூடத் திருத்தவில்லை. வடக்கத்தி டீச்சர் பதில் இன்னும் தயாராகவில்லை என்கிறார். இரண்டு பீரியடாக வகுப்பில் சண்டை நடக்கிறதாம், ஒரே பதிலாக அனுப்புவதா, இரண்டாக அனுப்புவதா என்று.

அடுத்த வருடம் ஒருங்கிணைப்பு தெற்கத்திப் பள்ளிக்கு. அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.