பெரியப்பா எண்ணிய பத்து விக்கெட்டுகள்

(எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு, 2024 ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை காலை. பெரியப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர் என்பதால் இந்தக் குழுவில் குரல் பதிவுக்கும் தங்கிலீஷுக்கும் தடை உண்டு. அரைகுறை வாக்கியம் எழுதினால் திருத்தப்பட்டுத் திரும்பி வரும். பெயர்கள் என் கைப்பேசியில் சேமித்திருக்கும்படியே.)

*திருச்சி அத்தை, 6:48*
அனைவருக்கும் காலை வணக்கம். இருபது ஓவர் கிரிக்கெட் உலகக் கோப்பை நமக்குக் கிடைத்த மகிழ்ச்சியில் எங்கள் வீட்டில் இன்று காப்பி கிடையாது. நேற்று இறுதி ஆட்டத்தில் நம் அக்சர் படேல் வீசிய ஒரே ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு 24 ஓட்டங்கள் போனபோது, நான் கையில் உறைமோர்க் கரண்டியோடு சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். அந்த மோரைப் பாலில் விட்டதாகத்தான் எனக்கு நினைவு. விடிந்து பார்த்தால், உறை விழாத பால் இரவெல்லாம் வெளியில் கிடந்து கெட்டுப்போயிருக்கிறது. இரவே இறக்கி வைத்திருந்த டிகாக்‌ஷனில் மோர் மிதக்கிறது.

*கோவை சித்தப்பா, 6:53*
அக்கா, அத்தானிடம் சொல்லிவிட்டீர்களா?

*திருச்சி அத்தை, 6:55*
சொல்வதற்குள் அவர் ஒரு டம்ளர் குடித்துவிட்டார். சூர்யகுமார் யாதவ் எல்லைக்கோட்டில் பிடித்த அந்தக் கேட்சைப் பதினொன்றாவது முறையாகப் பார்த்துக்கொண்டே குடித்ததால், “இன்று காப்பி கொஞ்சம் திடமாக இருக்கிறது” என்றார். நானும் மறுக்கவில்லை.

*பெங்களூரு அண்ணன், 7:02*
அப்பா, நேற்று ஆட்டம் முடிந்ததும் உங்களை ஏழு முறை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்ததே தவிர நீங்கள் எடுக்கவில்லை. அம்மாவும் எடுக்கவில்லை. ஆட்டம் அவ்வளவு நெருக்கமாகப் போனதால் உங்கள் இரத்த அழுத்தத்தை நினைத்துக் கவலைப்பட்டேன்.

*மயிலாப்பூர் பெரியப்பா, 7:20*
கவலைப்பட ஒன்றுமில்லை. அப்போது நான் வீட்டுக்கு வெளியே இருந்தேன், கைப்பேசி வீட்டுக்கு உள்ளே இருந்தது. நடந்ததை ஒழுங்காகச் சொன்னால்தான் விளங்கும் என்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்தருள்க.

இந்தியா ஆடி முடித்ததும் வந்த இடைவேளையில் மோட்டாரைப் போட்டேன். எங்கள் தொட்டி நிரம்ப இருபது நிமிடம் போதும். அதற்குப் பிறகு தென்னாப்பிரிக்கா ஆட வந்ததும் மோட்டார் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டேன். இடையில் தண்ணீர் கொட்டும் ஓசை காதில் விழுந்தது உண்மை. ஆனால் ஆட்டம் நடக்கும் பார்படாசின் பிரிட்ஜ்டவுனில் மழை வரலாம், மாற்று நாளும் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று காலையிலிருந்தே சொல்லிச் சொல்லிப் பயமுறுத்தியிருந்ததால், அது பார்படாசில் பெய்யும் மழை என்றே எடுத்துக்கொண்டேன். திரையில் மழையைக் காணோமே என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். அக்சரின் ஓவர் முடிந்து, 30 பந்துகளில் 30 ஓட்டங்கள் போதும் என்ற நிலை வந்தபோது, அதைப் பார்க்கச் சகிக்காமல் கண்ணை மூடினேன். கண்ணை மூடியதும்தான் காது திறந்தது. அது நம் மொட்டைமாடித் தண்ணீர்.

விழுந்தடித்துக்கொண்டு கீழே ஓடி மோட்டாரை நிறுத்தினேன். திரும்பி வந்தால் கதவு சாத்திக்கொண்டிருக்கிறது. அது தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு என்பதும், சாவி உள்ளே ஆணியில் தொங்குகிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். சரி, உள்ளே இருப்பவளைக் கைப்பேசியில் அழைக்கலாம் என்று சட்டைப்பையில் கைவிட்டால் வெளியே வந்தது தொலைக்காட்சி ரிமோட்.

*கோவை சித்தப்பா, 7:24*
அண்ணா, இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முந்தாநாள் சேப்பாக்கத்தில் நடந்ததைச் சொல்லட்டுமா?

*மயிலாப்பூர் பெரியப்பா, 7:26*
நானே சொல்லிவிடுகிறேன், நீ சொன்னால் கூட்டிச் சொல்வாய். வெள்ளிக்கிழமை பெண்கள் அணியின் டெஸ்ட் ஆட்டத்துக்குச் சென்றிருந்தேன். ஷஃபாலி வர்மா 205, ஸ்மிருதி மந்தானா 149 என்று வெளுத்து வாங்கி, இந்தியா ஒரே நாளில் 525 ஓட்டங்கள் எடுத்த நாள் அது. பொரியைப் பிரிப்பதற்காக நான் குனிந்த நேரத்தில் மந்தானாவின் விக்கெட் விழுந்துவிட்டது. சற்றும் பதறாமல், பின்னோக்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று என் கை தானாகவே சட்டைப்பையில் ரிமோட்டைத் தேடியது. பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் என்னை ஏன் அப்படிப் பார்த்தாள் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. அன்று தேவைப்பட்ட ரிமோட் மறுநாள் பையில் வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

*பெங்களூரு அண்ணன், 7:29*
அழைப்பு மணி என்ன ஆயிற்று, அப்பா?

*மயிலாப்பூர் பெரியப்பா, 7:41*
அடித்தேன், பலமுறை அடித்தேன். தொலைக்காட்சியின் ஒலியில் உன் அம்மாவுக்குக் கேட்கவில்லை. ஒலியைக் குறைக்கலாம் என்றால் ரிமோட் என்னிடம் இருக்கிறது. அவளைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே படிக்கட்டில் உட்கார்ந்து, காதால் ஆட்டம் பார்க்கத் தொடங்கினேன். 1983 உலகக் கோப்பையில், இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸில் கபில்தேவ் ஆட்டமிழக்காமல் எடுத்த 175 ஓட்டங்களை எந்தப் படக்கருவியும் பதிவு செய்யவில்லை. இந்தியா 17 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்த நிலையிலிருந்து அவர் எடுத்த அந்த ஓட்டங்கள் ஒவ்வொன்றையும் நான் கண்ணால் கண்டதுபோல் இன்றும் சொல்வேன். எனவே காணாத ஆட்டத்தைக் காண்பது எனக்குப் புதிதல்ல என்ற துணிவு இருந்தது.

நான் வெளியேறும்போது தென்னாப்பிரிக்கா 4 விக்கெட்டுக்கு 147. சிறிது நேரம் அமைதி. பிறகு எதிர்வீட்டிலிருந்து ஒரு பெரும் ஆரவாரம் எழுந்தது. விக்கெட் என்று புரிந்துகொண்டு ஐந்து என எண்ணினேன். சில நொடிகளில் முதல் மாடியில் இன்னோர் ஆரவாரம், ஆறு. சற்றுப் பொறுத்துத் தெருமுனைத் தேநீர்க் கடையில் மூன்றாவது ஆரவாரம், ஏழு. மூன்று பந்துகளில் மூன்று விக்கெட், ஹாட்ரிக்! பும்ராவைத் தவிர வேறு யாரால் முடியும் என்று மனத்துக்குள் வாழ்த்தினேன். மீண்டும் கொஞ்சம் இடைவெளி, மீண்டும் அதே வரிசையில் மூன்று ஆரவாரங்கள். எட்டு, ஒன்பது, பத்து. ஆட்டம் முடிந்துவிட்டது, இந்தியா வென்றுவிட்டது என்ற முடிவுக்கு வந்து, கீழே இறங்கிப்போய்க் காவலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொன்னேன்.

அவர் மிகவும் மரியாதையானவர். கையை விடுவித்துக்கொள்ளாமலே, தம் கைப்பேசித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஆறு விக்கெட்டுகள்தாம் விழுந்திருந்தன. டேவிட் மில்லர் இன்னும் மட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

*திருச்சி அத்தை, 7:43*
அண்ணா, சிரித்துச் சிரித்து எனக்கு மூச்சு வாங்குகிறது. புளித்த டிகாக்‌ஷன் துக்கம் போய்விட்டது.

*பெங்களூரு அண்ணன், 7:55*
அப்பா, உங்கள் கணக்கில் பிழையில்லை. ஒரே விக்கெட்டை மூன்று முறை ஒளிபரப்பினார்கள் என்பதுதான் பிழை. முதல் மூன்று ஆரவாரங்களும் கிளாசன் ஆட்டமிழந்ததற்கு, அடுத்த மூன்றும் யான்சன் ஆட்டமிழந்ததற்கு. என் வேலையே இதுதான் என்பதால் சொல்கிறேன். செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தாலும், ஒளிபரப்பு அங்கே ஏறி இறங்குவதற்குக் கால் நொடி போதும். தாமதம் வானத்தில் இல்லை, தரையில் இருக்கிறது. இணையத்தில் அனுப்பும்போது படத்தைச் சுருக்கி, சில நொடிகள் நீளமுள்ள துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள். நடுவில் தடங்கல் வந்தால் படம் நின்றுவிடக்கூடாது என்று கைப்பேசி அவற்றில் சில துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகே காட்டத் தொடங்குகிறது. ஆகவே டிஷ் வைத்திருக்கும் எதிர்வீட்டார் கூவி முடித்து உட்கார்ந்த பிறகுதான் தேநீர்க் கடைக் கைப்பேசியில் பந்துவீச்சாளர் ஓடியே வருவார்.

*மயிலாப்பூர் பெரியப்பா, 8:01*
இதை நேற்றிரவே அனுபவத்தில் கண்டுபிடித்துவிட்டேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். கடைசி ஓவருக்கு 16 ஓட்டங்கள் தேவை. காவலாளியின் திரையில் ஹர்திக் பாண்டியா பந்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அதற்குள் எதிர்வீட்டில் முதலில் ஓர் “ஐயோ”, பிறகு ஒரு நிசப்தம், பிறகு கூரை பிய்ந்துபோகும் கூச்சல். நான் காவலாளியிடம், “மில்லர் தூக்கி அடிப்பார், ஆறு என்று பயப்படுவீர்கள், ஆனால் பிடித்துவிடுவார்கள்” என்றேன். அப்படியே நடந்தது. ரபாடா ஆட்டமிழந்ததையும் முன்கூட்டியே சொன்னேன். ஏழு ஓட்டங்களில் வெற்றி என்பதையும் சொன்னேன். இன்று காலை அவர் தம் மகளின் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

*கோவை சித்தப்பா, 8:10*
இதற்காக வெட்கப்படத் தேவையில்லை, அண்ணா. கோப்பையைக் கையில் வாங்கிய ரோகித் சர்மாவே உங்கள் கட்சிதான். 2023 ஜனவரி 21 அன்று ராய்ப்பூரில் நியூசிலாந்துக்கு எதிராக டாஸில் வென்றுவிட்டு, மட்டை பிடிப்பதா பந்து வீசுவதா என்று அணிக்குள் பேசி வைத்திருந்ததை மறந்துபோய், உலகமே பார்க்கத் தலையைத் தடவிக்கொண்டு நின்றார். கடைசியில் பந்துவீச்சு என்றார். நியூசிலாந்து 108 ஓட்டங்களில் சுருண்டது. மறதியால் கெட்டவர் எவர்?

நடுவர்களும் மனிதர்களே. 2012 பிப்ரவரி 14 அன்று அடிலெய்டில் இந்தியாவும் இலங்கையும் ஆடியபோது, மலிங்கா வீசிய 30-ஆவது ஓவர் ஐந்தே பந்துகளில் முடிக்கப்பட்டுவிட்டது. எண்ணுவதற்கென்றே கையில் ஒரு கருவி வைத்திருப்பவர்கள்! அன்று இரு அணிகளும் 236-இல் நின்று ஆட்டம் சமனில் முடிந்தது. அந்த ஆறாவது பந்து எனக்கு வரவேண்டிய பாக்கி என்றே இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

*நான், 8:22*
மறதி என்று எல்லோரும் சொல்கிறீர்கள். எங்கள் உளவியல் வகுப்பில் இதற்கு வேறு விளக்கம் தருவார்கள். டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இருவர் 1999-இல் வெளியிட்ட ஆய்வும் விளையாட்டைப் பற்றியதுதான். சிலர் கூடைப்பந்தைக் கைமாற்றிக்கொள்ளும் காட்சியைக் காட்டி, வெள்ளைச் சட்டைக்காரர்கள் எத்தனை முறை பந்தை மாற்றினார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேடம் போட்ட ஒருவர் வந்து, மார்பில் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். பார்த்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அப்படியொருவர் வந்ததே தெரியவில்லை. நம் கண் பார்ப்பதையெல்லாம் மனம் வாங்கிக்கொள்வதில்லை. வாங்காத ஒன்றை எப்படி மறக்க முடியும்? அத்தை பாலில் உறை ஊற்ற மறக்கவில்லை. ஊற்றிய நேரத்தில் மனம் அங்கே இல்லாததால், எந்தப் பாத்திரம் என்பது உள்ளேயே போகவில்லை.

*திருச்சி அத்தை, 8:27*
நன்றாகச் சொன்னாய், கண்ணே. ஆனால் என் சமையலறையில் ஒரு கொரில்லா வந்தால் நான் கட்டாயம் பார்ப்பேன், ஏனென்றால் உன் மாமா ஆட்ட நேரத்தில் அங்கே வருவதே இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஐபிஎல் நடக்கும் நாள்களில் எனக்கு இப்படி ஆவதில்லை. அதில் ஒவ்வோர் அணி ஆடும்போதும் இரண்டரை நிமிட இடைவேளை இரண்டு முறை வரும். முதல் இடைவேளையில் குக்கரை இறக்குவேன், இரண்டாவதில் உறை ஊற்றுவேன். இரண்டு மாதம் என் வீடு அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. உலகக் கோப்பையில் அப்படி இரண்டு இடைவேளை இல்லாததால் எனக்குக் கை ஓடவில்லை. அவர்கள் அதை எதற்காக வைத்தார்களோ தெரியாது, தயிருக்காக என்று நான் நம்பியிருந்தேன்.

*கோவை சித்தப்பா, 8:30*
அண்ணா, கடைசியில் கதவு எப்போதுதான் திறந்தது?

*மயிலாப்பூர் பெரியப்பா, 8:34*
வெற்றிக்குப் பிறகு தெருவில் வெடி வெடித்தார்கள். அந்தச் சத்தத்துக்கு வாசலில் வந்து பார்த்தவள், நான் நிற்பதைக் கண்டு, “வெளியிலா இருந்தீர்கள்?” என்று வியந்தாள். பாவம், நான் எழுந்துபோனதைக்கூடக் கவனிக்காமல் அவ்வளவு ஒன்றிப் பார்த்திருக்கிறாள். நம் குழந்தை சொன்ன கொரில்லா ஆய்வுக்கு இதைவிடச் சான்று வேண்டாம். நான்தான் அந்தக் கொரில்லா.

*பெங்களூரு அண்ணன், 8:36*
அம்மாவைக் குறை சொல்ல முடியாது, அப்பா. அந்த ஐந்து ஓவர்களில் வீடு தீப்பிடித்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

*பெரியம்மா, 8:58*
நான் இந்தக் குழுவில் எழுதுவதில்லை. இட்லி ஊற்றி வைத்துவிட்டு வந்து இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். உண்மையை மறைப்பது பாவம் என்பதால் எழுதுகிறேன்.

அழைப்பு மணி எனக்கு முதல் முறையே கேட்டது. எழுந்து கதவருகே வந்தும்விட்டேன். தாழ்ப்பாளில் கை வைத்த நேரத்தில் பும்ராவின் ஓவர் நான்கே ஓட்டங்களோடு முடிந்திருந்தது. அதற்கு முந்தைய ஓவர் வரை இவர் உள்ளே உட்கார்ந்திருந்தபோது 24 ஓட்டங்கள் போயின என்பதை எண்ணிப் பார்த்தேன். சரி, ஒரு பந்து மட்டும் பார்க்கலாம் என்று நின்றேன். கிளாசன் ஆட்டமிழந்தார். அதற்குப் பிறகு கதவைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. சென்ற நவம்பர் 19 அன்று ஆமதாபாதில் ஆஸ்திரேலியாவிடம் நாம் தோற்ற ஐம்பது ஓவர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின்போது இவர் கடைசிப் பந்து வரை நாற்காலியை விட்டு எழவில்லை. டிராவிஸ் ஹெட் 137 அடித்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்.

ஜூலை 6 அன்று ஹராரேயில் ஜிம்பாப்வேயுடன் ஆட்டம் இருப்பதாகச் செய்தித்தாளில் போட்டிருக்கிறார்கள். மாடிப்படியில் ஒரு நாற்காலியும் கொசுவர்த்தியும் வைத்துவிடுகிறேன். ரிமோட்டை மட்டும் உள்ளேயே விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.