ஐபோன் 13-க்கு பேட்டரி மாற்றுவதா, 17 வாங்குவதா?

வணக்கம். என்னிடம் இருப்பது 2021 தீபாவளிக்கு வாங்கிய ஐபோன் 13, 128 ஜிபி. நாலு வருட உழைப்பில் பேட்டரி ஹெல்த், அதாவது புதிதில் இருந்த கொள்ளளவில் மிச்சம், 77 சதவீதம். காலை ஏழு மணிக்கு முழு சார்ஜோடு கிளம்பினால் மதியம் மூன்றுக்குள் 20-க்கு வந்துவிடுகிறது. கோவையில் டூவீலரில் சுற்றும் கலெக்‌ஷன் வேலை. மேப்பும் யுபிஐயும் இல்லாமல் நாள் ஓடாது.

லோ பவர் மோடு போட்டேன், தேவையில்லாத ஆப்களை நீக்கினேன், ஒருமுறை முழுசாக ரீசெட்டும் செய்தாயிற்று. பவர் பேங்க் சுமந்து தோள்வலிதான் மிச்சம். பக்கத்துக் கடையில் 3,500 ரூபாய்க்கு வேறு கம்பெனி பேட்டரி போடலாம் என்கிறார்கள். ஆனால் செட்டிங்ஸில் ‘தெரியாத பாகம்’ என்று காட்டுமாம்.

இதற்குள் 2025 செப்டம்பர் 9-ல் ஐபோன் 17 அறிவித்துவிட்டார்கள். அறிவித்த விலை 82,900 ரூபாய், 256 ஜிபி, 120 ஹெர்ட்ஸ் திரை. கேமரா எனக்குப் பெரிதில்லை. டைப்-சிதான் ஆசை காட்டுகிறது, வீட்டில் மற்ற எல்லோருக்கும் அந்த ஒயர்தான். எக்ஸ்சேஞ்சில் பழசுக்கு 15,000 தருவார்களாம், மீதி இஎம்ஐ. அப்புறம், ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 26 என் 13-க்கும் உண்டு, அதனால் பழசையே ஓட்டலாமோ என்றும் தோன்றுகிறது.

13-லிருந்து மாறியவர்கள் சொல்லுங்கள்: ஒரிஜினல் பேட்டரி மட்டும் மாற்றி இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாமா, இப்போதே 17 வாங்கிவிடலாமா?