வரிசையில் நிற்கும்போதே ஏறிய விலை

சென்ற கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மார்த்தாண்டத்தில் பொரித்த கோழி விற்கும் கடையொன்றில் கண்டதைப் பகிர்கிறேன். நாங்கள் வரிசையில் சேர்ந்தபோது கவுண்டருக்கு மேலிருந்த திரையில் இருவருக்கான காம்போ 199 ரூபாய் என்றிருந்தது. எங்களுக்கு முன்னால் நான்கு பேர் நிற்கையில் மணி ஏழாக, அதே திரையில் விலை 239 ஆனது. கூட்ட நேர விலை என்றார் பணியாளர்.

வரிசையின் முதலில், பேரனுடன் நின்ற முதியவர் 200 ரூபாயை மடித்துக் கையிலேயே வைத்திருந்தார். "மோனே, நான் வந்து நிக்கும்போ 199 தானே போட்டிருந்து?" என்று அவர் கேட்டதில் கோபத்தைவிடக் கூச்சமே மிகுந்திருந்தது, பேரன் முன்னிலையில் அவர் அப்படி நிற்க நேர்ந்ததை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. பின்னால் நின்ற கல்லூரி மாணவியர் இருவர், பிற்பகல் மூன்று மணிக்கு வந்தால் விலை குறைவு என்பதால் தங்களுக்கு இதில் வருத்தமில்லை என்றனர். ஒரு குடும்பம் எதுவும் பேசாமல் எதிரேயிருந்த பரோட்டாக் கடைக்குப் போய்விட்டது.

விலை ஏறி இறங்குவது நமக்குப் புதிதன்று. ஓணத்துக்கு முந்தைய நாட்களில் தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூ விலை எவ்வளவு ஏறினாலும் யாரும் கடைக்காரரைக் குறை சொல்வதில்லை. பூவின் வரத்தும் தேவையும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகின்றன. ஆறரை மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் கோழியின் அடக்கவிலை மாறவில்லையே என்பதுதான் அன்று வரிசையில் நின்றோரின் கேள்வி. 1986இல் கானமன், நெட்ச், தேலர் ஆகிய ஆய்வாளர்கள் விலை நியாயம் குறித்து மக்களிடம் கேட்டு வெளியிட்ட ஆய்விலும், பனிப்புயலுக்கு மறுநாள் பனியை அள்ளும் 15 டாலர் மண்வாரியை 20 டாலருக்கு விற்பது நியாயமன்று என்று 82 விழுக்காட்டினர் கூறியிருந்தனர். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் வெண்டீஸ் பர்கர் உணவக நிறுவனம் நேரத்துக்கேற்ற விலையைச் சோதிக்கப் போவதாகச் சொன்னதும் எழுந்த எதிர்ப்பால், கூட்ட நேரத்தில் விலையை உயர்த்தும் எண்ணமில்லை என்று விளக்கம் தர வேண்டியதாயிற்று.

அன்று கடை மேலாளர் வந்து முதியவருக்குப் பழைய விலைக்கே பில் போடச் சொன்னார். மற்றவர்கள் 239 கொடுத்தோம். மறுவாரம் போனபோது திரையின் அடியில் விலை மாறும் நேரத்தைச் சிறிய எழுத்தில் காட்டியிருந்தார்கள். அதை வாசலிலேயே பெரிதாக எழுதி வைக்குமாறும், வரிசையில் சேரும்போதே டோக்கன் கொடுத்து அந்த நேரத்து விலையையே வாங்குமாறும் மேலாளரிடம் கேட்டிருக்கிறேன்.