வீட்டுக்காரர் இல்லாமல் டிஎம் 30 பதிவு: தாய்லாந்தில் இருப்பவர்கள் உதவுங்கள்

வணக்கம். வடக்குத் தாய்லாந்தில், நான்-ஓ (Non-Immigrant O) விசாவில், ஓய்வுக்கால நீட்டிப்பை வருடாவருடம் புதுப்பித்து வாழ்கிறேன். இப்போதைய அனுமதி அடுத்த மாதக் கடைசியில் முடிகிறது. இந்த முறை டிஎம் 30-ல், அதாவது வெளிநாட்டவர் தன் வீட்டில் தங்கியிருப்பதை வீட்டுக்காரர் இமிகிரேஷனுக்குத் தெரிவிக்கும் பதிவில், மாட்டிக்கொண்டேன்.

வாடகை வீட்டுக்காரர் சமீபத்தில் காலமாகிவிட்டார். நல்ல மனிதர், எல்லாக் காகிதத்திலும் கேட்டதும் கையெழுத்துப் போட்டுத் தருவார். வீடு இன்னும் வாரிசுகள் பெயருக்கு மாறவில்லை. மகன் வெளிநாட்டில் இருக்கிறார். சொத்து விவகாரம் முடியும்வரை எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார், அவர் நிலையும் புரிகிறது.

மற்றதெல்லாம் தயார்: வங்கியில் 8 லட்சம் பாத் இரண்டு மாதத்துக்கு மேலாக அப்படியே இருக்கிறது, வங்கிக் கடிதம், நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும் டிஎம் 7 படிவம், 1,900 பாத் கட்டணம். 90 நாளுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிக்கும் அறிக்கையும் தவறியதில்லை.

இமிகிரேஷனில் பழைய டிஎம் 30 சீட்டைக் காட்டினேன். நடுவில் ஊருக்குப் போய் வந்ததால் புதிதாகப் பதியச் சொன்னார்கள். வாடகை ஒப்பந்தத்தைக் கொடுத்தேன். உரிமையாளரின் அடையாள அட்டை நகலும் வீட்டுப் பதிவேட்டு நகலும் கேட்டார்கள். ஆன்லைனில் முயன்றேன், அங்கேயும் அதே இடத்தில் நின்றுவிட்டது. ஒரு விசா ஏஜென்ட், பேசாமல் வீடு மாறிவிடுங்கள் என்றார். அவ்வளவு சீக்கிரம் மாற வழியில்லை.

உரிமையாளர் இறந்த நிலையில், வாடகை ஒப்பந்தத்தையும் இறப்புச் சான்றிதழையும் வைத்துக் குடியிருப்பவரே டிஎம் 30 பதிந்து நீட்டிப்பு வாங்கிய அனுபவம் யாருக்காவது உண்டா?