‘சானுபோகர்’ எப்போது ‘கர்ணம்’ ஆனார்?

தேன்கனிக்கோட்டை அருகே உள்ள எங்கள் ஊரில் எங்கள் வீட்டை இன்றும் ‘சானுபோகர் வீடு’ என்றே அழைக்கிறார்கள். கொள்ளுத்தாத்தாவின் 1931ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில், கரையான் அரித்த ஓரத்தை ஒட்டி, அவர் பெயருக்குப் பின்னால் அதே சொல் இருக்கிறது. ஆனால் 1946ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தில் அதே மனிதர் ‘கர்ணம்’ ஆகிவிட்டார்.

இரண்டு சொற்களுமே கிராமக் கணக்கரைக் குறிப்பவை. ‘கர்ணம்’ வடமொழிக் ‘கரணம்’ என்பதன் திரிபு. ‘சானுபோகர்’ கன்னட வழக்கு, அதன் பழைய வடிவமான ‘சேனபோவ’ கன்னடக் கல்வெட்டுகளில் வருகிறது. ஓசூர்ப் பகுதி 1799 வரை மைசூர் ஆட்சியில் இருந்ததால் கன்னடப் பெயர் தங்கியது இயல்பே. (பதவியே 1980இல் ஒழிந்துவிட்டது; பெயரை மட்டும் ஊர் விடவில்லை.)

வில்லங்கச் சான்றில் சர்வே எண்ணும் ஆள் பெயரும்தான் கிடைத்தன. தாலுகா அலுவலகத்தில் பார்த்த பழைய பதிவேட்டில் பட்டப்பெயரே இல்லை. 86 வயதான அத்தைப் பாட்டி, “கணக்கு எழுதுறவங்க” என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வட்டாரத்தில் 1931க்கும் 1946க்கும் இடைப்பட்ட பத்திரங்களை வைத்திருப்பவர்கள், அவற்றில் கிராமக் கணக்கரை எந்தப் பெயரால் குறித்திருக்கிறார்கள் என்று ஆண்டுடன் பார்த்துச் சொல்ல முடியுமா?